பழைய சி.ஆர்.ஓ.வில் செத்துப்போன டிரான்சிஸ்டருக்கு மாற்று தேடும் வழி

போன தை மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் இருந்து மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் இரட்டை ட்ரேஸ் சி.ஆர்.ஓ. (ஆஸிலோஸ்கோப்) ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. இரண்டு ட்ரேஸும், அதாவது ஒளிக்கோடுகளும், திரையின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. பொசிஷன் குமிழை எவ்வளவு திருப்பினாலும் இறங்கவில்லை. இரண்டு சேனலுக்கும் ஒரே நோய் என்றால், இரண்டும் சேர்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும். ட்ரேஸை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் அவுட்புட்டில் மீட்டரை வைத்தேன். அங்கே இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கும்; ஒவ்வொன்றுக்கும் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். இரண்டு கலெக்டரிலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் வர வேண்டும். ஒன்று மட்டும் 140 வோல்ட் சப்ளையோடு சமமாக நின்றது. அந்த டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் ஓபன். நம்பர் பிஎஃப் 458. எந்தக் கடையில் கேட்டாலும் "அதெல்லாம் வர்றதில்ல சார்" என்ற பதில்தான்.

எதிர்வீட்டுப் பெண் டிப்ளமோ இரண்டாம் வருஷம். என்னை மாமா என்பாள். சனி ஞாயிறுகளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுகிறாள். அன்றைக்கு ஃபோனில் தேடிவிட்டு, "மாமா, எம்ஜேஈ 340 ஈக்வலன்ட்னு போட்டிருக்கு. 300 வோல்ட் தாங்குமாம், காலும் அதே வரிசைதான். போட்டுடலாமா?" என்றாள். போடச் சொன்னேன். போட்டாள். ட்ரேஸ் நடுவுக்கு வந்தது. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கத்தி மாதிரி நின்றது. அவளுக்குச் சந்தோஷம். அதே அலையை 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றச் சொன்னேன். மூலைகள் உருண்டு, தேய்ந்த சோப்பு போல ஆகிவிட்டன. டிசி எல்லாம் சரி, சி.ஆர்.ஓ. மட்டும் பழுது.

பழைய ஸ்கோப்பில் டிரான்சிஸ்டர் மாற்றுவதில் பெரும்பாலான தப்பு இப்படித்தான் நடக்கிறது. பட்டியலில் இருக்கும் ஈக்வலன்ட், வோல்டேஜையும் கரண்டையும் பார்த்துச் சொல்லப்பட்டது. அந்த டிரான்சிஸ்டர் உங்கள் போர்டில் என்ன வேலை செய்கிறது என்று பட்டியலுக்குத் தெரியாது. எனவே முதலில் நம்பரை மறந்துவிட்டு, வேலையைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயம்.

ஒன்று, உயிர். இந்த வகை சி.ஆர்.ஓ.க்கள் பலவற்றில் ட்யூப்பின் கேத்தோடு கிரவுண்டுக்கு மைனஸ் 2000 வோல்ட் அளவில் மிதக்கும். ஃபோகஸ், இன்டென்சிட்டி பொட்டென்ஷியோமீட்டர்களும் அதே வோல்டேஜில்தான் உட்கார்ந்திருக்கும். குமிழுக்கு நீளமான பிளாஸ்டிக் தண்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். நான் 100 கிலோஓம் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகச் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, ஒரு முனையில் க்ளிப்பும் மறுமுனையில் ஊசியும் வைத்திருக்கிறேன். ஒரே 1 மெகாஓம் ரெசிஸ்டர் போதாதா என்றால், போதாது. சாதா ரெசிஸ்டர் ஒன்றே 2000 வோல்ட்டைத் தாங்காது. பத்தாகப் பிரித்தால் ஆளுக்கு 200 வோல்ட்தான் வரும். க்ளிப்பை முதலில் சேசிஸில் மாட்டி, பிறகுதான் ஊசியை வைக்க வேண்டும். ஒரு கை எப்போதும் சட்டைப் பையில்.

இரண்டு, டிரான்சிஸ்டரைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன்னால் சப்ளைகளை அளந்துவிடுங்கள். டெக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 465 மாடல் ஸ்கோப் என்றால், வோல்ட் கணக்கில், மைனஸ் 8, பிளஸ் 5, 15, 55, 110. இதில் ஒன்று விழுந்தாலும் பத்து டிரான்சிஸ்டர் கெட்ட மாதிரி தெரியும். அந்த மாடலில் சப்ளை லைனில் இருக்கும் டேன்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது எல்லாருக்கும் தெரிந்த நோய். சப்ளை சரியாக இருந்து, ரிப்பிளும் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) குறைவாக இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுவதை நான் இன்றுவரை விடவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு கோளாறு உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல் காற்று எதையும் விடாது. பழைய மெட்டல் கேன் டிரான்சிஸ்டரின் கால் கோவார் என்ற இரும்பு, நிக்கல், கோபால்ட் கலவை. மேலே தங்க முலாம் இருந்தாலும், கண்ணாடி சீலை ஒட்டிய இடத்தில் முலாம் விட்டுப்போனால் உப்பு உள்ளே இறங்கித் துரு பிடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பல லேபுகளில் கூரை ஷீட் பறந்து மழை உள்ளே கொட்டியது. அதற்கு ஓராண்டு, ஈராண்டு கழித்துக்கூட அந்தக் கருவிகள் என்னிடம் வந்துகொண்டிருந்தன. தொட்டாலே கால் உடம்போடு ஒடிந்து கையில் வரும். வெள்ளி முலாம் கால் என்றால் கறுத்துப்போய் சாக்கெட்டில் தொடர்பு விடும். பழைய டெக்ட்ரானிக்ஸில் டிரான்சிஸ்டர்கள் பல சாக்கெட்டில்தான் நிற்கின்றன. கழற்றி, காலை மென்மையான பென்சில் ரப்பரால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சாக்கெட்டைக் கழுவி, திரும்பச் செருகினாலே பாதிக் கருவிகள் எழுந்துவிடும். கழற்றுமுன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது பத்து நிமிஷத்தில் மறந்துவிடும்.

இப்போது நம்பரைப் படிப்போம். டெக்ட்ரானிக்ஸ் தன் சொந்த நம்பரை அச்சிடும். 151 என்று தொடங்கினால் டிரான்சிஸ்டர், 152 என்றால் டையோடு. 151-0190-00 என்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது சாதாரண 2என் 3904. 151-0188-00 என்பது 2என் 3906. எச்பி (ஹியூலெட்-பேக்கார்ட்) கருவியில் 1854 என்றால் என்பிஎன், 1853 என்றால் அதற்கு எதிர்த் திசையில் கரண்ட் ஓடும் பிஎன்பி, 1855 என்றால் கேட் காலின் வோல்டேஜால் இயங்கும் ஃபெட். ஐரோப்பிய நம்பரில் முதல் எழுத்து ஏ என்றால் ஜெர்மேனியம், பி என்றால் சிலிகான். இரண்டாம் எழுத்தில் சி ஆடியோ, எஃப் ஹை ஃபிரீக்வென்சி, எஸ் ஸ்விட்சிங். ஜப்பான் நம்பரில் முன்னால் வரும் 2எஸ் பெரும்பாலும் உடம்பில் அச்சாகாது. சி2482 என்று இருந்தால் அது 2எஸ்சி 2482. ஐரோப்பிய நம்பரின் இரண்டாம் எழுத்தே வேலையைப் பாதி சொல்லிவிடும்.

திண்ணைக்கு வந்த அந்த வெர்டிகல் அவுட்புட்டுக்குத் திரும்புகிறேன். அதிகம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கலெக்டரில் ஒரு லோட் ரெசிஸ்டர், அங்கிருந்து நேரே ட்யூப்பின் டிஃப்ளெக்‌ஷன் பிளேட். பிளேட்டின் கெப்பாசிட்டன்ஸும் டிரான்சிஸ்டரின் கலெக்டர்-பேஸ் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து அந்த ரெசிஸ்டரோடு வேகத்தைக் கட்டிப்போடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோட் 1.5 கிலோஓம், மொத்த கெப்பாசிட்டன்ஸ் 5 பிகோஃபாரட் என்று வையுங்கள். அலை குறிப்பிடத்தக்க அளவு குட்டையாகும் (மூன்று டெசிபல் விழும்) இடம் சுமார் 21 மெகாஹெர்ட்ஸ். புது டிரான்சிஸ்டர் கூடுதலாக வெறும் 3 பிகோஃபாரட் கொண்டுவந்தால் 8 ஆகும், 13 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவி என்று முகப்பில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும். எம்ஜேஈ 340 அரை ஆம்பியர் தாங்கும் பெரிய சிப். ரெகுலேட்டருக்கும் ஆடியோவுக்கும் அருமையான சாமான், இந்த இடத்துக்குக் கனம்.

இங்கே பார்க்க வேண்டியவை, வரிசைப்படி: தாங்கும் வோல்டேஜ் சப்ளையை விடத் தாராளமாக இருக்க வேண்டும், கலெக்டர்-பேஸ் கெப்பாசிட்டன்ஸ் மூன்று பிகோஃபாரட் அளவில் நிற்க வேண்டும், எஃப்டி எனப்படும் வேகம் பழையதைவிடக் குறையக் கூடாது, வெப்பத்தைத் தாங்கும் உடம்பு வேண்டும். கெயின் (பெருக்கும் அளவு) கடைசிதான். பிஎஃப் 458-க்கு நான் இப்போது போடுவது கேஎஸ்சி 3503. 300 வோல்ட், 100 மில்லிஆம்பியர், எஃப்டி 150 மெகாஹெர்ட்ஸ், கெப்பாசிட்டன்ஸ் 2.6 பிகோஃபாரட். உடம்பும் அதே டிஓ-126, எழுத்துப் பக்கத்தைப் பார்த்துக் காலைக் கீழே பிடித்தால் எமிட்டர், கலெக்டர், பேஸ். பிஎன்பி ஜோடி வேண்டுமென்றால் கேஎஸ்ஏ 1381. பின்புற உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது, ஆகவே ஹீட் சிங்குக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு வைக்க மறக்காதீர்கள்.

கடையில் கிடைக்காவிட்டால் காயலான் கடைக்குப் போங்கள், இதை மனசாரச் சொல்கிறேன். பழைய ட்யூப் டிவியில் பிக்சர் ட்யூப்பின் கழுத்தில் ஒரு சின்ன போர்டு மாட்டியிருக்கும். அது செய்யும் வேலையும் இதே வேலைதான்: அதிக வோல்டேஜில், வேகமாக, ஒரு ட்யூப்பின் உறுப்பை ஓட்டுவது. அந்த டிரான்சிஸ்டர்கள் குறைந்த கெப்பாசிட்டன்ஸுக்கென்றே செய்யப்பட்டவை. நம் மாநிலத்தில் 2006 முதல் வீடு வீடாக இலவச கலர் டிவி கொடுத்தார்கள். அவை இப்போது கடலூர் முதுநகர் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அடுக்காகக் கிடக்கின்றன. சிலவற்றில் கழுத்து போர்டில் ஐசி இருக்கும், அது நமக்கு ஆகாது. மூன்று நிறத்துக்கு மூன்று தனி டிரான்சிஸ்டர் இருந்தால் வாங்கிவிடுங்கள். சி2482 அடிக்கடி கிடைக்கும்: 300 வோல்ட், 100 மில்லிஆம்பியர், 3 பிகோஃபாரட். எஃப்டி 50 மெகாஹெர்ட்ஸ்தான், ஆகவே அதை நான் ஹாரிசான்டல் அவுட்புட்டுக்கு எடுத்துவைப்பேன். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் பழைய போர்டுகள் தரையில் விரித்திருக்கும். காலை சீக்கிரம் போக வேண்டும்.

அவுட்புட் ஜோடியில் ஒன்று செத்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் பிஎஃப் 458, மறுபக்கம் வேறு என்றால் அலையின் ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் ஒரே வேகத்தில் இருக்காது.

ட்ரேஸை இடமிருந்து வலம் ஓட்டும் ஸ்வீப், அதைத் தொடங்கிவைக்கும் டிரிகர் பகுதிகளில் கேள்வியே வேறு. இங்கே டிரான்சிஸ்டர் ஸ்விட்ச். முழுக்க ஆன் ஆன பிறகு எவ்வளவு சீக்கிரம் ஆஃப் ஆகிறது என்பதுதான் கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்வீப் கேட்டில் இருந்த 2என் 2369-க்கு 2என் 3904 போட்டேன். இரண்டும் சின்ன சிலிகான் என்பிஎன், வோல்டேஜும் போதும். மெதுவான ஸ்வீப்பில் ஒரு குறையும் இல்லை. ஒரு கட்டத்துக்கு 0.2 மைக்ரோசெகண்ட் என்ற வேகத்துக்குப் போனதும் ட்ரேஸின் இடது முனை கெட்டுப்போனது. மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க அந்தக் கருவியில் தப்பான ரைஸ் டைம் (அலை ஏற எடுக்கும் நேரம்) எழுதினார்கள் என்பது இப்போது நினைத்தாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. காரணம் டேட்டா ஷீட்டில் ஒரு வரி. 2என் 2369ஏ-யின் ஸ்டோரேஜ் டைம், அதாவது ஆஃப் ஆகத் தயங்கும் நேரம், அதிகபட்சம் 13 நானோசெகண்ட், சிலிகானில் தங்கம் கலந்து அந்த வேகத்தை வாங்கியிருக்கிறார்கள். 2என் 3904-க்கு அது 200 நானோசெகண்ட் வரை போகலாம். அந்த ஸ்வீப் வேகத்தில் 200 நானோசெகண்ட் என்பது திரையில் ஒரு முழுக் கட்டம். எனவே இந்த இடத்துக்கு பிஎன் 2369 அல்லது எம்பிஎஸ் 2369 என்ற பிளாஸ்டிக் உடம்பைத்தான் தேடுங்கள்.

சிக்னல் முதலில் உள்நுழையும் ப்ரீஆம்ப்ளிஃபையரில் ஜோடிப் பொருத்தம்தான் எல்லாம். பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் நகரும். ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் ரேஞ்சில், முதல் ஸ்டேஜில் இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவே ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே ட்ரேஸ் கிட்டத்தட்ட அரைக் கட்டம் நகரும். பொருத்திப் பார்க்க இது போதும்: 12 வோல்ட் சப்ளையில் இருந்து ஒரு சதவீத 10 கிலோஓம் இரண்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு டிரான்சிஸ்டர், கலெக்டரையும் பேஸையும் சேர்த்து ரெசிஸ்டரில், எமிட்டர் இரண்டும் கிரவுண்டில். இரண்டு கலெக்டருக்கும் நடுவே மில்லிவோல்ட் ரேஞ்சில் மீட்டர். மின்விசிறியை அணைத்துவிட்டு, தட்டையான முகங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, ஐந்து நிமிஷம் கையெடுத்துக் காத்திருங்கள். 2 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் அந்த ஜோடி சேரும். நானும் அவளும் ஒரு மாலையில் முப்பது பிசி 547-ஐ இப்படிச் சலித்து நான்கு நல்ல ஜோடி எடுத்தோம். போர்டில் போட்ட பிறகு இரண்டையும் சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் இறுக்கிவிட்டால் ஒரே சூட்டில் இருக்கும்.

அதே ப்ரீஆம்ப்ளிஃபையரின் வாசலில் ஃபெட் இருந்தால், அங்கே ஐடிஎஸ்எஸ், அதாவது கேட்டையும் சோர்ஸையும் சேர்த்தால் ஓடும் கரண்ட், முக்கியம். பிஎஃப் 245-இல் ஏ என்றால் 2 முதல் 6.5 மில்லிஆம்பியர், பி 6 முதல் 15, சி 12 முதல் 25. கடைசி எழுத்தைப் பார்க்காமல் மாற்றினால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது நிற்கும் நிலை) தடுமாறும். 2என் 5485 என்பது 4 முதல் 10, 2என் 5486 என்பது 8 முதல் 20. ஜே 310 வேகமானதுதான், ஆனால் 24-இல் தொடங்கி 60 வரை போகும், இந்த இடத்தில் நான் போட மாட்டேன். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியும் மில்லிஆம்பியர் மீட்டரும் வைத்து நீங்களே அளந்து எடுங்கள்.

சப்ளை ரெகுலேட்டரில் உள்ளவை எளிது. வோல்டேஜ், கரண்ட், வாட் மூன்றும் சமமோ அதிகமோ இருந்தால் போடலாம். மெட்டல் கேன் உடம்புதான் வேண்டுமென்றால் டெல்லியில் 1964-இல் தொடங்கிய கான்டினென்டல் டிவைஸ் இந்தியா அந்த வகைகளைச் செய்து தருகிறது. பிசி 107 இருந்த இடத்தில் பிசி 547 போகும். பழைய இந்தியக் கருவிகளில் வரும் பிசி 148-க்கு பிசி 548.

ஜெர்மேனியம் தனி உலகம். ஏஎஃப் 114 முதல் 117 வரை உள்ளவற்றில் கேனுக்குள் தகரத்தின் மெல்லிய மயிர் வளர்ந்து, உள்ளே இருக்கும் காலைக் கேனோடு ஷார்ட் ஆக்கும். நாலாவது கால் கேனுக்குப் போகும் ஷீல்ட். அதை வெட்டிவிட்டால் பல நேரம் டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். சிலிகான் போட்டால் 0.2 வோல்ட் பயாஸ் 0.6 ஆக வேண்டும், ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டிவரும்.

கால் வரிசையில் தூங்கிவிடாதீர்கள். தட்டை முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலம்: 2என் 3904 எமிட்டர்-பேஸ்-கலெக்டர், பிசி 547 கலெக்டர்-பேஸ்-எமிட்டர். பிஎஃப் 422-க்கு நடுக்கால் கலெக்டர், அதற்கு மாற்று என்று சொல்லும் எம்பிஎஸ்ஏ 42-க்கு நடுக்கால் பேஸ். பிஎஃப் 199-க்கும் பிஎஃப் 494-க்கும் நடுக்கால் எமிட்டர். கால்களைக் குறுக்கே மடக்க வேண்டி வந்தால் ஸ்லீவ் போடுங்கள், ஆனால் வேகமான ஸ்டேஜில் நீளக் கால் வைக்காதீர்கள்.

வாங்கிய சாமானை நம்பி நேரே போர்டில் ஏற்ற வேண்டாம். நம்பரை அழித்து வேறு நம்பர் அடித்துத் தருவது நிறைய நடக்கிறது. 100 ரூபாய் பொருள் 8 ரூபாய்க்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எல்சிஆர் மீட்டரில் எமிட்டரை விட்டுவிட்டு கலெக்டர்-பேஸ் கெப்பாசிட்டன்ஸை அளந்தால் போலி உடனே தெரியும். வோல்டேஜே கொடுக்காமல் அளப்பதால் டேட்டா ஷீட்டை விடக் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் நல்லது என்று தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுங்கள். தாங்கும் வோல்டேஜுக்கு இன்சுலேஷன் டெஸ்டரின் 250 வோல்ட்டை 220 கிலோஓம் வழியாகக் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் கொடுத்து, பேஸை 1 கிலோஓமால் எமிட்டரோடு கட்டிப் பார்ப்பேன். 300 வோல்ட் சாமான் கசியக் கூடாது.

சால்டரிங்கில் ஒரே எச்சரிக்கை. பழைய பினாலிக் போர்டில் டிராக் சூட்டில் பிய்ந்துவிடும். செத்த டிரான்சிஸ்டரின் காலை மேலேயே வெட்டி, ஒவ்வொரு காலாகத் தனியே எடுத்து, பிறகு விக் எனப்படும், சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். டிரான்சிஸ்டர் போனால் இன்னொன்று வாங்கலாம், போர்டு போனால் கிடைக்காது.

மாற்றிய பிறகு ட்ரேஸ் தடித்துத் தெரிந்தால் ஃபோகஸைக் குறை சொல்லாதீர்கள். புது டிரான்சிஸ்டர் பழையதைவிட வேகமாக இருந்து, பல மெகாஹெர்ட்ஸில் தானாகவே ஆஸிலேட் ஆகிறது. பேஸ் காலில் 22 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், அல்லது ஒரு ஃபெரைட் மணி. ட்ரேஸ் மெலிந்துவிடும்.

அடுத்து விளிம்பு. சி.ஆர்.ஓ.வின் சொந்த 1 கிலோஹெர்ட்ஸ் கேலிபிரேட்டரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு 74ஏசி14 ஐசியில் ஆஸிலேட்டர் கட்டினால் சில நானோசெகண்டில் ஏறும் விளிம்பு கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவி காட்ட வேண்டிய ரைஸ் டைம், 0.35-ஐ 20 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், 17.5 நானோசெகண்ட். மூலை உருண்டால், விளிம்பைச் சரிசெய்யும் காம்பன்சேஷன் ட்ரிம்மரை மெதுவாகத் திருப்பி, மேலே கொம்பு முளைக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

திண்ணைக்கு வந்த கருவிக்கு ஜோடியாக கேஎஸ்சி 3503 போட்டு, ட்ரிம்மரைத் திருப்பியதில் 18 நானோசெகண்டில் நின்றது. மூடியை மாட்டி, எட்டு மணி நேரம் ஓடவிட்டு, ட்ரேஸ் நகர்கிறதா என்று அவள் மணிக்கு ஒருமுறை குறித்தாள். பிறகு ஒரு தாளில் தேதி, எடுத்த நம்பர், போட்ட நம்பர், கால் வரிசை, இரண்டு கலெக்டரின் வோல்டேஜ் எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, பழைய பிஎஃப் 458 இரண்டையும் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடியின் உட்புறம் டேப்பால் ஒட்டினாள். அடுத்து திறக்கப்போகிறவருக்கு அது வேண்டும்.